கடைசி எறி

மருமகள்: ஒரே ஒரு வார்த்தை திட்டுங்க, அத்தை.

மாமியார்: தண்ணியக் குடி மொதல்ல.

மருமகள்: முதல் எறியில வட்டு வலையில போய் மாட்டிக்கிச்சு. அடுத்தது பாதி தூரம்கூடப் போகல. இன்னும் ஒண்ணுதான்... இதுவும் போச்சுன்னா அணியில இடமில்ல.

மாமியார்: எல்லாம் நல்லா எறிவே, கண்ணு.

மருமகள்: இந்தக் கண்ணுதான் வேணாம்ங்கறேன். காலையில நான் பொரிச்ச முட்டையச் சாப்பிட்டுட்டு நல்லா இருக்குன்னீங்க. அப்பவே என் கை விழுந்துபோச்சு.

மாமியார்: நல்லா இருக்குன்னா ஒரு குத்தமா?

மருமகள்: எங்க பயிற்சி முகாமுக்கு ஒரு மனநல டாக்டர் பேச வந்தப்ப கடைசி வரிசையில உக்காந்து கேட்டீங்கல்ல? கோபத்த அடக்கினா உள்ளுக்குள்ள புழுங்கும், ஆளு மேல கொட்டினா வீடு ரெண்டாகும், அந்த வேகத்த நல்ல காரியத்துக்குத் திருப்பி விடுங்கன்னாரே...

மாமியார்: உன்னதமாக்கல்னு பேருகூடச் சொன்னாரு. உன் மாமனார் மேல வந்த கோபத்துல நான் தேய்ச்ச தேய்ப்புல வீட்டுப் பாத்திரமெல்லாம் பளபளன்னு இருந்துச்சு. அதுக்கு யாரு பேரு வெச்சா?

மருமகள்: அன்னிக்கிலேருந்து போட்டின்னா என்னைத் திட்டித்தானே அனுப்புறீங்க.

மாமியார்: அடிப்பாவி... அது நடிப்புன்னு தெரியுமா உனக்கு?

மருமகள்: தெரியும்.

மாமியார்: தெரிஞ்சுமா கோபம் வருது?

மருமகள்: நீங்க திட்டுற அழகு அப்படி.

மாமியார்: ...இன்னிக்கு என்னால முடியாதும்மா. போன தடவ, பெத்தவ இருந்தா சொல்லிக் குடுத்திருப்பான்னுட்டேன். குளியலறையில குழாயத் தெறந்துவிட்டுட்டு அழுதியே... அம்மா இல்லாத பொண்ணப் போயி... என் வாயில கொள்ளி வைக்க.

மருமகள்: அழுதேன்தான். வலிச்சுது. அதுக்காக இப்படி இனிச்சு இனிச்சுப் பேசினா எனக்கு பயமா இருக்கு, அத்தை. கூப்பிடுறாங்க பாருங்க.

மாமியார்: ஏண்டி...

மருமகள்: ம்.

மாமியார்: ரெண்டு எறியையும் தொலைச்சுட்டு மாமியார்கிட்ட வந்து கைய நீட்டுறியே, வெக்கமா இல்ல? கோபத்தக்கூட நான்தான் ஊட்டிவிடணுமா? சொந்தமா ஒரு பிடி கிடையாதா உனக்கு?

மருமகள்: ...நகருங்க.

மாமியார்: போ, போ. முறைக்காத.

பயிற்சியாளர்: அம்மா, வலைகிட்ட நிக்காதீங்க. எறியப் போறா.

மாமியார்: எறிஞ்சுட்டாளா? எங்க விழுந்துச்சு? கண்ணு கலங்கிக் கெடக்கு, ஒண்ணும் தெரியல.

பயிற்சியாளர்: தகுதித் தூரக் கொடிக்கு அந்தப் பக்கம். அணியில சேர்ந்துட்டா, அம்மா.

மாமியார்: வா, வா... இரு, மூச்சு வாங்கிக்க. அப்புறமா கட்டிப்பிடிக்கலாம்.

மருமகள்: சொந்தமா ஒரு பிடி கிடையாதான்னா கேட்டீங்க?

மாமியார்: வேற என்னத்தச் சொல்ல? உங்கிட்ட குறை தேடித் தேடி எனக்கே அலுத்துப்போச்சு. போட்டியன்னிக்கு மட்டும் படபடப்புல முட்டையில உப்ப அள்ளிக் கொட்டிடுவே. அதப் பிடிச்சுக்கிட்டுத்தான் எப்பவும் ஆரம்பிப்பேன்.

மருமகள்: இன்னிக்கும் கரிச்சுதானே இருந்துச்சு?

மாமியார்: வாய்ல வைக்க முடியல. சிரிச்சுக்கிட்டே முழுங்கினேன்.

மருமகள்: ஐயோ, பாவம் நீங்க... அது படபடப்பு இல்ல, அத்தை. திட்ட ஆரம்பிக்க உங்களுக்கு ஏதாவது வேணுமேன்னு, ஒரு கரண்டி உப்ப நான்தான் வேணும்னே கூடப் போடுவேன்.