சூளை நிறையாமல் தீ மூட்டாத அம்மையாருக்கு

அனலோடு பழகியும் அன்பில் குளிர்ந்தவரே! களிமண்ணைக் கலையாக்கிய கைவண்ணமே! விருத்தாசலத்துப் பீங்கான் கூடத்தின் சூளைப் பொறுப்பை இன்று இறக்கிவைக்கும் எங்கள் அம்புஜவல்லி அம்மையாரே! வணக்கம், வணக்கம், வளமான வணக்கம்!

தங்கள் பெருமையில் ஒன்றையேனும் அவையோருக்குச் சொல்லாவிட்டால் எங்களுக்கு இன்றைய விருந்து செரிக்காது. சொல்லிவிடுகிறோம்.

நிலக்கரிச் சூளை போய் எண்ணெய்ச் சூளை வந்த ஆண்டு அது. கரும்புகை ஒழிந்ததும் ஊரே நிம்மதியாக மூச்சுவிட்டது. புகைதான் இல்லையே என்ற துணிச்சலில், நாலு கோப்பை சேர்ந்தாலும் சூளையைப் பற்றவைக்கத் தொடங்கினோம். வாரம் ஒருமுறை எரிந்த சூளை நாள்தோறும் எரிந்தது. ஒருநாள் மங்கலம்பேட்டைக் கடைக்காரர் பரக்கத்துல்லா ஊறுகாய் ஜாடிகளுக்காக அவசரமாய் வந்து நின்றார். சூளையோ பாதிதான் நிறைந்திருந்தது. அம்மையார் தீ மூட்ட மாட்டேன் என்றுவிட்டார்.

"ஆர்டரு கைவிட்டுப் போச்சுன்னா நீங்களும் வூட்டுக்குக் கெளம்ப வேண்டியதுதாம்மா" என்றார் முதலாளி சுப்புராயன்.

அம்மையாரின் மகள் கல்லூரிப் படிப்பில் பாதிதான் முடித்திருந்த நேரம். ஆனாலும் அம்மையார் விட்டுக்கொடுக்கவில்லை.

"கரிப்புகை நெஞ்ச அரிச்சுதுங்க, இல்லங்கல. ஆனா வெயில கொஞ்சம் மறைச்சுது, ஒரு மழ பேஞ்சா கழுவிட்டும் போச்சு. இந்த எண்ணெயிலயும் கண்ணுக்குத் தெரியாம போவுதே கரியமில வாயு, அது பேரன் பேத்தி காலத்துக்கும் மேலயே கெடந்து, கம்பளியாட்டம் பூமியப் பொத்தி சூடேத்தும். காலிச் சூளைய எரிச்சு அத எதுக்குங்க அனுப்பணும்?"

பரக்கத்துல்லா சிரித்துவிட்டார். "சரிக்கா, நெறையட்டும். அதுக்குள்ள ஊறுகா எங்க ஓடிப்போவுது?"

மறுநாள் அவரே பக்கத்துக் கடையின் ஆர்டரையும் பிடித்து வந்தார். அண்டைக் கூடத்தாரும் தங்கள் பொம்மைகளைக் கொண்டுவந்து அடுக்கினார்கள். சூளை நிறைந்தது, ஜாடிகளும் போய்ச் சேர்ந்தன. எண்ணெய்ச் செலவு இறங்கியதைப் பார்த்த முதலாளி, இப்போதெல்லாம் "நெறைஞ்சுதா?" என்று எங்களையே மிரட்டுகிறார்!

அம்மையே! ஓய்வு பெறுபவர் கையால் சூளைக்குத் தீ மூட்டி வழியனுப்புவது நம் கூடத்து வழக்கம். இன்று காலை தாங்கள் உள்ளே எட்டிப் பார்த்து, மேல்தட்டு காலி என்று தீப்பந்தத்தை எங்களிடமே தந்துவிட்டீர்கள். பிரிய மனமின்றி அந்தத் தட்டை வேண்டுமென்றே காலியாக விட்டவர்கள் நாங்கள்தான். அது நிறையும் நாளில் தாங்கள் வந்துதானே ஆக வேண்டும்!

நோய்நொடி அண்டாமல் நூறாண்டு வாழ்க! மெதுவாகவே அடுக்குவோம்.

தங்கள் வருகைக்குக் காத்திருக்கும்,
சூளைப் பிரிவுத் தொழிலாளர்கள்
விருத்தாசலம், 1997