கிணற்றுமேட்டு வேலிக்கால்

எங்கள் வீட்டில் முருங்கைக்கீரை என்றால் எல்லோருக்கும் உயிர், ஐயா. வினையே அதில்தான் வந்தது.

மங்கலத்தில் எங்களுக்கு ஒரு பங்காளிக் கிணறு. பாதி எனக்கு, பாதி பெரியப்பா மகன் கிட்டுசாமி அண்ணனுக்கு. அண்ணன் பனியன் கம்பெனி முதலாளி. தன் பாதியோடு என் பாதித் தண்ணீரையும் சேர்த்து லாரி லாரியாகச் சாயப்பட்டறைக்கு ஏற்றினார். என் தென்னைகள் மட்டை தொங்கி நின்றன. கேட்டால், "மழ பேஞ்சா ஊறீட்டுப் போகுது உடு கண்ணு" என்பார்.

கிணற்றோரம் தன் ஆட்களுக்கு அவர் லைன் வீடு கட்டினார். குழந்தைகள் விழுந்துவிடக் கூடாதே என்று வேலி போடச் சொன்னார். "மரத்தப் பத்தி உனக்குத்தான் தெரியும். நீயே பாத்து ஊனீரு கண்ணு."

பார்த்துத்தான் ஊன்றினேன். குழந்தைகள் விளையாடும் பக்கமெல்லாம் வைரம் பாய்ந்த கருவேலங்கால். யானை சாய்ந்தாலும் அசையாது. மேற்கு மூலையில்தான் செல்போனுக்கு டவர் கிடைக்கும். அண்ணன் அங்கே வேலிக்காலில் சாய்ந்துகொண்டுதான் பேசுவார். அந்த ஒரு கால் மட்டும் முருங்கை. 'முருங்கை பருத்தால் தூணாகுமா' என்ற பழமொழி அவருக்கும் தெரியும். ஆனால் எல்லாக் கால்களுக்கும் பச்சைப் பெயிண்ட் அடித்திருந்தேன்.

வேலி போட்டபோது சூரத் போயிருந்தார். திரும்பி வந்த அன்றே சாய்ந்தார். நீச்சல் தெரியாதவர். "கண்ணு" என்று ஒருமுறை கூப்பிட்டது காதில் விழுந்தது. தென்னைக்கு மடை திருப்பிக்கொண்டிருந்தேன். பாதியில் விட்டு வர முடியுமா? எடுப்பில், பாடை தூக்கும்போது, நான் அழுததை ஊரே பார்த்தது. அது நிஜ அழுகைதான்.

கெடுத்தது என் கை. முருங்கைக் கிளையை வெட்டிப் போத்தாக நட்டால், காயாமலிருக்கத் தலையில் ஒரு சாணியுருண்டை வைப்போம். பழகிய கை, வேலிக்காலுக்கும் வைத்துவிட்டது. முறிந்த அடிக்கட்டை தழைத்துக்கொண்டது. அண்ணி சந்தேகப்பட்டதால் ஸ்டேஷனிலிருந்து நீங்கள் மறுபடி விசாரிக்க வந்தீர்களே, அன்று என் மனைவி சீனியம்மாள் அந்தக் கீரையைத்தான் பறித்து உங்களுக்குப் பொரியல் செய்து போட்டாள். "தோட்டத்துல முருங்க மரத்தையே காணோமே, கீரை ஏதும்மா?" என்று கேட்டீர்கள்.

"கெணத்து வேலிக்காலு தழஞ்சிருக்குதுங்க" என்றாள் பெருமையாக. அதற்குமேல் உங்களுக்குச் சோறு இறங்கவில்லை.

ஆமாம் ஐயா, தெரிந்தேதான் ஊன்றினேன். ஒரு வேண்டுகோள். சாட்சிக்கென்று அந்தக் கட்டையைப் பிடுங்கிவிடாதீர்கள். இப்போதுதான் வேர் பிடித்திருக்கிறது. ஓர் உயிரைப் போக்க எனக்கு மனசு வராது.