அழுக்குத் தகடுகளை அளந்தவர்

மதிப்பிற்குரிய முதல்வர் அவர்களே, கல்லூரிச் செயலர் சீனிச்சாமி அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் நம் பேராசிரியரின் துணைவியார் திருமதி ஞானபாக்கியம் அம்மாள் அவர்களே, மாணவர்களே, உத்தமபாளையத்திலிருந்தும் கோம்பையிலிருந்தும் வேலையைப் போட்டுவிட்டு வந்திருக்கும் பெரியோர்களே!

எனக்கு மேடைப் பேச்சு பழக்கமில்லை. இயற்பியல் துறையில் மறைந்த பேராசிரியர் சுயம்புலிங்கத்துக்குப் பக்கத்து மேசையில் பல ஆண்டுகள் இருந்தவள் என்பதால் பேசச் சொன்னார்கள்.

காந்தப்புலம் மிக வலுவாக இருக்கும்போது, மெல்லிய குறைகடத்தித் தகட்டுக்குள் எலக்ட்ரான் எப்படி நகர்கிறது? இதுதான் அவர் கேட்ட கேள்வி. நம் பள்ளத்தாக்கில் இருந்துகொண்டு கேட்டார்! அதற்குக் கடுங்குளிர் வேண்டும். சினை ஊசிக்குப் பயன்படும் திரவ நைட்ரஜனைக் கால்நடை நிலையத்தில் கேட்டு வாங்கி, புகையும் கேனோடு பஸ் ஏறுவார். அதனால் கோம்பையில் அவரை மாட்டு டாக்டர் என்றே நம்பினார்கள். அதோ அமர்ந்திருக்கும் சின்னக்கருப்பு ஒருநாள் வழிமறித்துத் தன் பசுவைப் பார்க்க அழைத்தார். இது எலக்ட்ரானுக்கு என்றார் இவர்.

"அது எந்த ஊரு மாடுங்க சார்?"

இவர் சிரிக்கவில்லை. அங்கேயே உட்கார்ந்து விளக்கினார். காந்தம் வலுத்தால் எலக்ட்ரான் சரிவில் இறங்காது, ஒரே உயரத்தில் மேட்டைச் சுற்றிச் சுற்றி வரும் என்றார். முழுவதையும் கேட்டுவிட்டு, "அப்ப பால் கறக்காது" என்றாராம் சின்னக்கருப்பு.

கோடை விடுமுறைதோறும் தகடுகளை வடக்கே ஒரு பெரிய ஆய்வுக்கூடத்துக்கு எடுத்துச் செல்வார். பெரிய காந்தமும் ஹீலியமும் அங்கேதான். 1979-இல் அங்கே ஒரு தகட்டில், காந்தப்புலத்தைக் கூட்டக் கூட்ட ஏற வேண்டிய மின்னழுத்தம் ஓரிடத்தில் ஏறாமல் சமமாக நின்றது. தகட்டில் அழுக்கு என்று அதை ஒதுக்கிவிட்டார். அடுத்த ஆண்டு வெளிநாட்டில் ஒருவர் அதே சமநிலையைப் பார்த்தார். அதற்காகப் போன ஆண்டு, 1985-இல், அவருக்கு உலகின் மிகப் பெரிய பரிசு கிடைத்தது.

முதலில் கண்டுபிடித்தவர் நம் சுயம்புலிங்கமே என்று கல்லூரி வாசலில் ஒரு கல்லில் பொறிப்போம் என்றார் செயலர் சற்றுமுன். கைதட்டினீர்கள். அன்பினால் தட்டினீர்கள், அறிவேன். ஆசிரியர் அறையில் இதே பேச்சு எழுந்தபோது அவர் என்னிடம் சொன்னது வேறு: "பாத்தேன் மேடம், நம்பலை. நம்பி மறுபடி அளந்தாக பாருங்க, அவுகதான் கண்டுபிடிச்சவுக."

இதில் என்ன பெருமை என்கிறீர்களா? பிறகு அவர் செய்ததைப் பாருங்கள். தகட்டில் அழுக்கு உண்டாக்கும் மேடுபள்ளங்களில் சிக்கிக்கொள்ளும் எலக்ட்ரான்கள்தாம் அந்த அளவை அசையாமல் நிறுத்துகின்றன. அழுக்கு இல்லாவிட்டால் சமநிலையே இல்லை! இது தெரிந்ததும், தாம் ஒதுக்கிய அழுக்குத் தகடுகளையே மெனக்கெட்டுச் செய்யத் தொடங்கினார். அந்தச் சமநிலை எவ்வளவு அழுக்குவரை தாங்கும்? பாதி விடை கிடைத்திருந்தபோது மாரடைப்பு வந்துவிட்டது.

கல் பற்றிய யோசனை காலையிலேயே அவர் வீட்டுக்கு எட்டியிருந்தது. ஞானபாக்கியம் அம்மாள் என்னைத் தனியே அழைத்துக் கேட்டார்: "அப்படி எழுதிட்டா, அவுக சொன்னது பொய்யின்னு ஆயிராதா?"

ஆகும், அம்மா.

செயலர் அவர்களே, கல்லை வையுங்கள். அதில் அவர் பெயர் மட்டும் இருக்கட்டும். மீதித் தகடுகளை வருகிற மே மாதம் வடக்கே எடுத்துச் சென்று அளக்கும் பொறுப்பை எங்கள் துறை ஏற்கிறது. அவர் எதிர்பார்த்ததற்கு நேர்மாறாக விடை வந்தாலும், அதையும் அவர் பெயரிலேயே வெளியிடுவோம்.