ஒரு முடி கனம்

— இன்னும் திறங்க ஐயா.

— இவ்வளவுதான் டாக்டரம்மா. ரெண்டு விரல் போகும். அதுக்கு மேல பூட்டிக்குது.

— முன்னாடி காதுகிட்ட டக்குனு சத்தம் வருமா?

— வரும். சாப்பிடும்போது பக்கத்து ஆளுக்கே கேக்கும். போன மாசம் தானா நின்னுபோச்சு. சரியாயிடுச்சுன்னு நெனச்சேன்.

— சரியாகல. தாடை எலும்பு மண்டையோட்டுல சேர்ற இடத்துல, நடுவுல மெத்தை மாதிரி ஒரு சின்னத் தட்டு இருக்கு. அது முன்னாடி நழுவி நழுவித் திரும்பும்போதுதான் அந்தச் சத்தம். இப்ப திரும்பவே இல்ல. அங்கயே நின்னு வழிய அடைக்குது.

— கதவு மாட்டறவன் நான். கீல்ல கோளாறுன்னு சொல்றீங்க.

— கீல் மாதிரி சுத்தும், டிராயர் மாதிரி முன்னாடி நகரவும் செய்யும். சரி, இந்த நீலத் தாளைக் கடிங்க. பாருங்க கண்ணாடில. மத்த பல்லுல ஒரு பொட்டுகூட இல்ல. பல்லு மேல மாட்டின இந்தக் கேப்புல மட்டும்தான் மை ஒட்டியிருக்கு.

— எவ்வளவு உயரம்? அரை நூல்?

— உங்க தச்சுக் கணக்கு நூலெல்லாம் இதுக்கு ரொம்ப ஜாஸ்தி. ஒரு முடி கனம். அதுல இடிக்காம இருக்க, ஒவ்வொரு தடவையும் தாடைய ஒதுக்கி ஒதுக்கி மூடியிருக்கீங்க. யார் போட்டது?

— எங்கயோ போட்டது. தேய்ச்சு விட்டுருங்களேன்.

— தேய்க்கலாம். தட்டு பழைய இடத்துக்கு வரும்னு சொல்ல முடியாது. ஊசி போட்டு மரத்த வாயில கடிச்சுப் பாக்கச் சொல்லி அனுப்பியிருக்காங்க. மரத்த வாய நம்பாதேன்னுதான் காலேஜ்ல பாடம் எடுக்கும்போதெல்லாம் நான் தலைபாடா அடிச்சுக்கறேன். பேரைச் சொல்லுங்க, பல் டாக்டருங்க கவுன்சிலுக்குப் புகார் எழுதறேன்.

— எழுதினா?

— விசாரிப்பாங்க. ஏன், தெரிஞ்சவங்களா?

— தப்பா நெனச்சுக்காதீங்க. என் பொண்ணு.

— பொண்ணா? பல் டாக்டரா?

— மூணு வருஷம் முன்னாடி, அவ கடைசிப் பரீட்சை அன்னைக்கு, கேப் போட்டுக்க வர்றேன்னு சொன்ன ஆள் வரல. எனக்கும் ஒரு பல்லு கேப்புக்குக் காத்துக்கிட்டு இருந்துச்சு. நானே போய் உக்காந்தேன்.

— மூணு வருஷமா வலிக்குதுன்னு அவகிட்ட சொல்லலையா?

— சொன்னா அடுத்த ஆள் வாயத் தொடவே பயப்படுவா. இப்பத்தான் ஆஸ்பத்திரில அவளுக்குன்னு தனி நாற்காலி குடுத்திருக்காங்க.

— ஐயா, அவ நாளைக்கு இதையே இன்னொருத்தர் வாயில செய்வா. பாசத்துக்காக நான் பேனாவ மூடிவைக்க முடியாது.

— உங்க இஷ்டம்.

— அவள மட்டும் எழுத மாட்டேன். இதைப் பாத்துட்டு மார்க் போட்டவங்களையும் சேத்துத்தான். யார் வந்து பாத்தாங்க?

— வாயில மாஸ்க், தலையில தொப்பி. மூஞ்சி தெரியல. "கடி சரியா இருக்கா ஐயா"ன்னு கேட்டாங்க. தாடை மரத்துக் கெடந்துச்சு, தலையாட்டிட்டேன்.

— பேர் தெரியாதா?

— தெரியாது டாக்டரம்மா. ஆனா இன்னைக்கு உள்ள வந்ததும் "உக்காருங்க ஐயா"ன்னீங்க பாருங்க, அப்பவே அந்தக் குரல் தெரிஞ்சுபோச்சு.