நல்லெண்ணெய் உறைந்த நியாயம்

இக்கூட்டத்திற்குத் தலைமை தாங்கும் தோட்டத் தலைவர், பெருமதிப்பிற்குரிய கந்தப்பன் அவர்களே! முன்வரிசையில் மீசையும் முண்டாசுமாய் வீற்றிருக்கும் பெரியோர்களே! தேயிலைக் கொழுந்து கிள்ளிய கை காயுமுன்னே கம்பளியைப் போர்த்திக்கொண்டு வந்தமர்ந்த தாய்மார்களே! ஓரத்தில் குற்றவாளியைப் போல் குனிந்து நிற்கும் கடைக்கார மர்சூக் நானா அவர்களே! அனைவருக்கும் உங்கள் மருந்துக்காரன் சின்னராசாவின் வணக்கம்.

எதற்காகக் கூடினோம்? நானா நல்லெண்ணெயில் கலப்படம் செய்தார், அவர் கடை வாசலை இனி மிதிக்கமாட்டோம் என்று தீர்மானம் போடக் கூடினோம். அவரோ வியாபாரம் படுத்து, ஊரைவிட்டே போக மூட்டை கட்டிவிட்டார். சாட்சி யார்? தலைவரின் துணைவியார் நாகலெட்சுமி அம்மாள்! அவர் வாங்கிய நல்லெண்ணெய் இந்த மார்கழிப் பனியில் வெள்ளை வெளேரென்று உறைந்துவிட்டது. சுத்தமான நல்லெண்ணெய் அப்படி உறையுமா? உறையாது! அம்மாளின் கோபம் நியாயமா? நியாயமே!

கொழுப்பில் இரண்டு வகை உண்டு, ஐயா. நிரம்பிய கொழுப்பு, காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்கு வராத சோம்பேறி. குளிர் கண்டால் சுருண்டுவிடும். வெண்ணெய் சுருளும், ஆட்டுக்கொழுப்பு சுருளும், தேங்காயெண்ணெய் போத்தலோடு சுருளும். அதை அடுப்போரம் வைத்து எழுப்பாத வீடு நம் நானுஓயா மலையில் உண்டா? நல்லெண்ணெயில் நிரம்பாத கொழுப்பே மிகுதி; நம் பனியிலும் அது ஓடிக்கொண்டிருக்கும். நிரம்பிய கொழுப்பு மிகுந்தால் நெஞ்சுக்கு ஆகாது என்கிறார்கள் பெரிய டாக்டர்மார். அதனால்தான் நெஞ்சுவலி என்று வந்த நம் தலைவரை நல்லெண்ணெய்க்கு மாறச் சொன்னேன்.

என்ன அம்மா, வளவளக்காதே என்கிறீர்களா? இதோ வந்துவிட்டேன்!

நானாவின் தகரத்திலிருந்து என் கையாலேயே ஒரு போத்தல் பிடித்தேன். அம்மாள் வீட்டுப் போத்தலையும் வாங்கினேன். இரண்டையும் பனியில் வைத்தேன். இதோ பாருங்கள்! கடைப் போத்தல் தெளிவாக இருக்கிறது. வீட்டுப் போத்தலில் பாதி வெள்ளை. அப்படியானால் கலந்தது கடைக்கையா? இல்லை, அடுப்படிக்கை!

அம்மா, பதறாதீர்கள், உங்களைச் சொல்லவில்லை. தேங்காயெண்ணெய் வாசம் இல்லாமல் உங்கள் வீட்டில் யாருக்குச் சோறு இறங்காது? இன்னும் உரக்க! "எங்க வீட்டுக்காரருக்குத்தாங்க" என்கிறாரே! என்னை ஏன் பார்க்கிறீர்கள்? தலைமை நாற்காலியைப் பாருங்கள்!

சிரிக்காதீர்கள் தம்பிகளே. நாக்கு செய்த திருட்டை நான் மன்னிப்பேன். அதற்கு ஒரு மனிதனின் பெயர் பலியாகலாமா? மண் சரிந்து பாதை அடைபட்டபோது, மாவு மூட்டையைத் தலையில் சுமந்து லயம் லயமாக, நம் வீட்டு வாசல்தோறும் வந்தவர் யார்? அவரா கள்ளன்? நினைக்கவே எனக்கு வெட்கமாக இருக்கிறது.

தலைவர் எழுகிறார். வழி விடுங்கள். கேட்டீர்களா அவர் சொன்னதை? "நானா, நாந்தாங்க ஊத்துனேன். பொண்டாட்டிக்குப் பயந்து வாயத் தொறக்கல. நீங்க போயிட்டா நான் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு இங்க தலைவரா இருக்கிறது?"

பின்வரிசைக்கு நானாவின் பதில் கேட்கவில்லையா? நான் சொல்கிறேன்: "மூட்டைய அவுத்துர்றேன் தலைவரே. ஆனா இனிமே நீங்க அழுதாலும் ஒங்களுக்குத் தேங்காயெண்ண தரமாட்டேன்!"

இதையே தீர்மானமாகப் போடுவோம். கை தூக்குங்கள்! தலைவரே, நீங்களும்தான்!

குளிரில் நடுங்கியும் கலையாமல் கேட்ட உங்கள் அத்தனை பேருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. எல்லோரும் நலமாய் வீடு சேருங்கள். வணக்கம்!