சாவியில்லாத முதல் மாதம்

மௌனத்தையும் மதித்துக் கேட்ட மாண்பாளரே! கலங்கிய மனங்களுக்குக் கரையாய் நின்ற கருணையே! ஸ்பாக்ஸ் நகரின் இம்மருத்துவமனையில் மனநல மருத்துவர்களை உருவாக்கிய பேராசிரியர் முனீரா அய்யாத் அவர்களே! பணி ஓய்வு பெறும் தங்களை வணங்கி வாழ்த்த வந்தோம். ஆயினும் எங்கள் நெஞ்சம் அமைதி கொள்ளவில்லை. காரணத்தைத் தங்கள்முன் மறைப்பது முறையன்று.

மருத்துவப் பட்டம் பெற்று, போட்டித் தேர்வில் வென்று, மனநலப் பயிற்சிக்கு வருபவர் எவராயினும், முதல் மாதம் வெள்ளை அங்கியும் சாவியும் இன்றி நோயாளரிடையே அமர வேண்டும் என விதித்தீர்கள். மருந்தின் அளவை நூல் கற்பிக்கும். பூட்டிய கதவின் உட்புறத்தை எந்நூல் கற்பிக்கும்?

அவ்வாறு அமர்ந்தவருள் ஒருவர் மருத்துவர் ஹாத்திம். அவருடைய முதல் நாள் மாலை, புதிதாகப் பணியேற்றிருந்த காவலர் ஷெத்லி அவரை வெளியே விட மறுத்தார்.

"அண்ணே, நான் டாக்டர். கதவத் திறங்க."

"நேத்து இங்க ஒருத்தர் மந்திரியாவே இருந்தாரு, தம்பி. போய் உக்காருங்க, சாப்பாடு வந்துரும்."

"சத்தியமா டாக்டர்!"

"கத்தினா ஊசி போட்டுருவாங்க. நல்ல புள்ளையா இருங்க."

நோயாளர் ஸாலிஹ்தான் தம் தேநீரை நீட்டினார். "மொத நாள் நானும் இப்படித்தான் கத்தினேன். குடிங்க டாக்டர். நான் நம்புறேன்."

தாங்கள் வந்து கதவைத் திறந்ததும், வேலையையே விடுவதாகச் சீறினார் ஹாத்திம். "அத நாளைக்குப் பேசலாம். உள்ள உன்ன யாருப்பா நம்புனா?" என்று மட்டும் கேட்டீர்கள். மறுநாள் காலை அவர் ஸாலிஹின் அருகில் அமர்ந்திருந்தார்.

இன்று தங்கள் இருக்கையை ஏற்பவர் அவரே. மருத்துவமனையின் பயிற்சித் திட்டத்தை வகுக்கும் குழுவோ, அம்மாதம் வீண், முதல் நாளே சாவியைக் கொடுங்கள் என்று அவரை நெருக்குகிறது. வீணா? நோயின் பெயரை மனப்பாடம் செய்து நோயாளியின் பெயரை மறப்பவரை மருத்துவர் என அழைக்க எங்கள் நா எழுமா? நேற்றுவரை ஹாத்திம் எப்பக்கம் நிற்பார் என அறியோம். நாங்கள் தவித்தோம்.

இன்று காலை புதிய பயிற்சி மருத்துவர் மூவர் வந்தனர். ஹாத்திம் அவர்களுடைய அங்கிகளைக் கழற்றச் சொன்னார். தம் அங்கியையும் கழற்றினார். தம் சாவியைத் தலைமைக் காவலர் ஷெத்லியிடமே கொடுத்துவிட்டு அவர்களோடு உள்ளே நடந்தார்.

"இந்தத் தடவ வெளிய விடுவீங்களா, அண்ணே?"

"கத்தாம இருந்தா பாக்கலாம், டாக்டர்."

குழு இன்னும் அடங்கவில்லை, அம்மையீர், நாங்களும் அடங்குவதாயில்லை. உடல்நலம் குன்றாது, உள்ளம் தளராது, பேரக் குழந்தைகள் சூழப் பல்லாண்டு வாழ்வீராக! என்றேனும் இக்கதவைத் தட்டுங்கள். தாங்கள் யாரென மெய்ப்பிக்க வேண்டியதில்லை.

என்றும் தங்கள் அன்பு மறவாத
மனநலப் பிரிவின் மருத்துவர்கள், செவிலியர்கள், காவலர்கள்