ஓடாத கிலோமீட்டர்

அத்திபெலே பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஓர் இளைஞனும், பெரிய குங்குமப் பொட்டு வைத்த நடுத்தர வயதுப் பெண்ணும் உட்கார்ந்திருந்தார்கள். இருவருக்கும் ஒரே கம்பெனிச் சீருடை.

“சனிக்கிழமை விடியக்காலைல ஆரம்பிச்சா இருட்டற வரைக்கும் ஓடணும்க்கா.”

“யாருடா தொரத்தறாங்க?”

நானும் அதைத்தான் நினைத்தேன்.

“எங்க சர்ச்ல நடத்தற பசங்க ஹாஸ்டல் கூரை ஒழுவுதுக்கா. நான் ஓடற ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஆளுங்க காசு தர்றேன்னிருக்காங்க.”

“நடுவுல முடியலன்னா?”

“ஓடின வரைக்கும்தான் காசு. அதனால எது வந்தாலும் நிறுத்த மாட்டேன்.”

பொம்மசந்திரா ஸ்டாப்பில் இறங்க எழுந்தபோது அந்தப் பெண் அவன் தோளைத் தொட்டார்.

“மயக்கம் வந்தா உக்காந்துடுடா. நீ ஓடாம விட்ட கிலோமீட்டருக்கெல்லாம் நான் தர்றேன்.”